பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

சாரல் காலத்தில், விடிந்ததும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. கண்ணாடியில் தூறல், மலையில் பாதி தெரியாது. குளிக்கவெல்லாம் போவதில்லை. ஏதோ தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி போய்விட்டுத் திரும்புவேன். நாற்பது வயதில் ஓட்டக் கற்றவள் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு.

கார் துபாயில் இருக்கும் என் கணவர் வாங்கியது. "வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சு, மறுநாளே வித்திருவேன் பாத்துக்க" என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

அந்த ஆனியில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. காயாத துணி, நமுத்த முறுக்கு, திறக்க மாட்டாத கதவு எல்லாவற்றுக்கும் சாரலில் எங்கள் ஊர் சொல்லும் ஒரே காரணம் ஈரம். இதற்கும் அதையே சொல்லிக்கொண்டேன். சூடு காட்டும் முள்ளோ எப்போதும் கீழேயே கிடந்தது. குளிர்ந்த ஊரில் வண்டியும் குளிர்ந்திருக்கிறது என்று பெருமை வேறு. ஆனால் மலையைப் பார்க்கவிடாமல் அந்த மஞ்சள் உறுத்திக்கொண்டே இருந்தது. எரிச்சலில் ஒருநாள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். அதோடு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிச் சாலையில் சீசன் கூட்டம். அரை மணி நேரம் நின்று நின்று ஊர்ந்தேன். முன்பக்க பானட்டுக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழும்பியது. மேகம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக. ஜன்னலை இறக்கி முகத்தைக்கூட நீட்டினேன். ஏதோ தித்திப்பான வாடை அடித்தது. இரண்டு தரம் குலுங்கி வண்டி நின்றுவிட்டது.

பட்டறையில் மெக்கானிக் தம்பி தலையை ஆட்டினான். "யக்கா, இஞ்சின் மேல்மூடி, அந்த ஹெட்டு, சூட்டுல வளஞ்சிட்டு. இஞ்சினை இறக்கணும்."

"முள்ளு ஏறவே இல்லையே?"

"சூட்டைப் பாக்குத சென்சாரு செத்துக் கெடக்கு. அது சொன்னாத்தானக்கா முள்ளு ஏறும், ஃபேனு சுத்தும்? ஓட்டத்துல காத்து பட்டுத் தப்பிச்சிட்டிய. நின்ன எடத்துல கூலன்ட் தண்ணி கொதிச்சு ஆவியாகி இஞ்சின் வெந்துட்டு. லைட்டு எரிஞ்சிருக்குமே?"

அவனே பொட்டைப் பார்த்துவிட்டான். சிரிக்கவில்லை, அதுவே பெரிது. "துபாய் அண்ணாச்சிகிட்ட சென்சார் மேலயே பழியைப் போட்டிருவோம். பாதி நெசந்தான?"

அந்தப் பாதி போதும், என் காலைப் பயணங்கள் தப்பித்துவிடும். ராத்திரி போன் வரும்வரை அதையே மனப்பாடம் செய்தேன். அவர் குரலைக் கேட்டதும் வாய் வேறு சொன்னது. "லைட்டு ஒரு மாசமா எரிஞ்சுது. நான்தான் பொட்டு ஒட்டி மறைச்சேன்."

அந்தப் பக்கம் ஏசியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி," என்றார், "நான் லீவுல வந்தப்பவே அது எரிஞ்சுது. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுனேன், அணைஞ்சிட்டு. பட்டறைக்குக் கொண்டுபோகச் சோம்பல். உங்கிட்ட சொல்லல."

"வித்திருவியளா?"

"சென்சாரைப் புதுசா மாத்தச் சொல்லு. நீயே ஓட்டு."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.

வண்டி திரும்பி வந்ததும் மறுநாள் விடியலிலேயே கிளம்பினேன். நல்ல சாரல். விளக்கையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே குற்றாலம் போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் உறைத்தது, மலையைப் பார்க்கவே இல்லை.