கூத்தாநல்லூரில் ஒரு பூனையின் காலைச் சாப்பாடு

இளம் கால்நடை மருத்துவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுப்பது என் வேலை. பூனைகளுக்குக் கருத்தடை முகாம் நடத்தித் தரச் சொல்லிக் கூத்தாநல்லூர் நண்பர்கள் அழைத்தார்கள். சம்பா அறுவடை முடிந்த மாசியில், மூன்று நாள் என்று முடிவானது.

தஞ்சாவூரில் காலை ஐந்தரை மணி பஸ். மன்னார்குடியில் மாறி, ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அறுத்த வயல்களில் உளுந்து பச்சைகட்டி நின்றது. ஆட்டோ ஓட்டுநரிடம், பூனை ஆபரேஷன் நடக்கும் மண்டபத்துக்குப் போகணும் என்றேன்.

"ஏறுங்க. பரீதாக்கா அவங்க பூன ராணிய கொண்டாந்தாச்சா? அது நல்லபடியா பொழச்சு வரட்டும், எங்க வீட்டு ரெண்டையும் தூக்கிட்டு வரேன்."

தெருவே அந்த ஒரு பூனைக்காகக் காத்திருந்தது. அது போனால் முகாமும் போச்சு.

ராணியை என் மாணவி டாக்டர் கயல்விழியிடம் கொடுத்தேன். அவள் தனியாகச் செய்யவிருந்த முதல் அறுவை. மயக்க ஊசி போட்ட சில நிமிடங்களில் ராணி வாந்தியெடுத்தது. சோறும் மீனும்! அது மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் கயல் அதற்குள் தலையைத் தாழ்த்திப் பிடித்து வாயைச் சுத்தம் செய்துவிட்டாள். மூச்சு சீரானதும்தான் எனக்கும் மூச்சு வந்தது. அறுவையை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைத்தோம்.

முந்தின ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தோமே! கோபமாக வெளியே போனேன். பரீதாக்கா அழுதுகொண்டிருந்தார்.

"சிங்கப்பூருக்குப் போறப்ப எம்புள்ளைய ஒருநாளும் வெறும் வயித்தோட அனுப்புனதில்ல டாக்டரம்மா. இத மட்டும் எப்படிம்மா அனுப்புவேன்?"

எங்கிருந்து திட்டுவது? பட்டினி ஏன் என்று நாங்கள் யாரும் அவரிடம் விளக்கவில்லை. அன்று கயல் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள்.

மூன்றாம் நாள் ராணி வெறும் வயிற்றோடு வந்தது. கயலின் தையல் என் தையலைவிட அழகு, பொறாமையோடு ஒத்துக்கொள்கிறேன். ராணி கண் விழித்ததைச் சொல்லக் கயல் வெளியே வந்தாள். பரீதாக்கா வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"டீ குடிச்சீங்களாக்கா?"

"அதப் பட்டினி போட்டுட்டு நான் எப்படிம்மா குடிப்பேன்? ராத்திரிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு கூடைகளோடு நின்றிருந்தார். என்னை நம்பி உயிரை ஒப்படைத்த இந்த ஊருக்கு எப்படி நன்றி சொல்வேன்?

முகாம் நடத்தப் போகிறவர்களுக்கு: பட்டினி போடச் சொன்னால் காரணத்தையும் சொல்லுங்கள். பூனை மறுபடி எப்போது சாப்பிடலாம் என்பதையும் சொல்லுங்கள். பூனையைத் தூக்கி வருகிறவர்களுக்கு இட்லி வாங்கி வையுங்கள். அவர்களும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.