புது டயரின் வழவழப்பு

டயர் வாங்கப் போகிறவன் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே கட்டைவிரல் நகத்தை வெட்டக்கூடாது என்பது ரஷீது வகுத்து வைத்திருந்த சட்டம். நகத்தை ரப்பரில் அழுத்த வேண்டும். பள்ளம் விழுந்து மெதுவாக மேலே எழும்பினால் அது உயிருள்ள ரப்பர். பள்ளமே விழவில்லையென்றால் கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் தொடக்கூடாது. யுத்தம் முடிந்தபின் மூர் மார்க்கெட் பக்கம் குவித்து வைத்து விற்றார்களே பட்டாளத்து டயர்கள், அவை பெரும்பாலும் இரண்டாவது வகை. பார்த்தால் புதுசு. உள்ளே வருஷக்கணக்காக வெயில் குடித்துச் செத்துப்போன சரக்கு. விலை மலிவு என்று அதை மாட்டிக்கொண்டு முதல் மழைக்கே முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவர்களை ரஷீது ஒவ்வொருவராகப் பேர் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

சிரிக்க அவருக்கு உரிமையும் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கக் காகிதம் எழுதி, சரக்கை விடுவித்து, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிவைக்கிற கம்பெனி தவசிமுத்துவுடையது. காகிதம் போகாமல் சரக்கு நகராது. அந்தக் காகிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நாளொன்றுக்கு மூன்று நடை போய்வருகிறவர் ரஷீது. கம்பெனிக்கு இருந்ததே ஒரு மோட்டார் சைக்கிள், பட்டாளத்துப் பச்சைக்கு மேல் கறுப்பு அடித்தது. அதில் ஏறிய நாளிலிருந்து வழியெல்லாம் அவர் மோட்டார் சைக்கிள் பாய். சொந்தப் பேர் வீட்டில் மனைவி ரஹீமுன்னிசாவுக்கும் சம்பளம் போடுகிற கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் தேவைப்பட்டது.

அது சாலையா? காசிமேட்டில் மீன் கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் செதிலும். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டிலிருந்து காற்றில் வந்து படிகிற கரித்தூள். மழை நாலு சொட்டு விழுந்தால் இந்த இரண்டும் கலந்து விளக்கெண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிடும். திருவொற்றியூர் தாண்டினால் தார் முடிந்துபோகும். அப்புறம் சரளை, பள்ளம், மாட்டுவண்டி உழுத தடம், உப்பளத்துச் சேறு. இந்தக் கலீஜில் ஐந்து வருஷம் ஓட்டி ஒருநாளும் ரஷீது விழுந்ததில்லை. எப்படி என்று கேட்டால், "அது நம்ம கையிலே கீது" என்பார். கையில் மட்டும் இல்லை. அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது.

யுத்த காலத்தில் ஆவடி டிப்போவில் மெக்கானிக்காக வேலை பார்த்தபோது ஒரு பஞ்சாபி ஹவில்தார் சொல்லிக்கொடுத்தது. புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். வார்க்கிற அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்காகப் பூசுகிற பூச்சு அது. காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஈரத்தில் இறக்கினால் ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் புது டயரை மாட்டியதும் செங்கல் துண்டை வைத்துக் குறுக்குவாக்கில் தேய்க்க வேண்டும். பிறகு காய்ந்த மணலிலும் சரளையிலும் ஐம்பது மைலாவது நிதானமாக ஓட்டிப் பளபளப்பைச் சாகடிக்க வேண்டும். ஒருமுறை டயர் மாற்றியபோது விடியற்காலையில் காசிமேட்டு மணலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், யார் கண்ணிலும் படாமல் தேய்த்துக்கொண்டு வந்தார். அந்தச் செங்கல் துண்டு கோணிச் சுருளுக்குள் அவருடைய டூல்ஸ் பைக்குள்ளேயே கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் 'மோட்டார் சைக்கிள் பாயின் வண்டி ரோட்டை விட்டுப் போகாது' என்கிற பேர் செங்கல்லுக்குப் போய்விடும் அல்லவா?

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசி பிறந்தபோது இரண்டு டயரும் மொட்டையாகிவிட்டன. தவசிமுத்து அவரைக் கூப்பிட்டார். திருநெல்வேலியை விட்டு இருபது வருஷம் ஆகியும் அவர் பேச்சு அங்கேயே இருந்தது.

"ரஷீது பாய், மழை வருதுல்லா. டயரை நீரே பாத்து எடுத்துட்டு வாரும். நமக்கு என்ன தெரியும்? உமக்குன்னு எடுக்கிற மாதிரி எடும்."

ரஷீது குளிர்ந்துபோனார். பிராட்வே, மவுண்ட் ரோடு என்று இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கடைக்காரன் நீளக் கோடு போட்ட டயர் ஜோடியைக் காட்டி, கார்க்காரர்களே பொறாமைப்படுவார்கள் என்றான்.

"பொறாமைப்படட்டும். சேத்துல மாட்டிக்கினா அவுங்களா வந்து தள்ளுவாங்கோ?" என்று ரஷீது திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் முன்சக்கரத்துக்கு, தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறமாதிரி வளைந்து வளைந்து கோடு ஓடுகிற டயர். பின்சக்கரத்துக்கு, சேற்றைக் கவ்வுகிறமாதிரி கட்டம் கட்டமாக வெட்டிய டயர். ஓரத்தில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தைப் பதித்தார். பள்ளம் மெதுவாக எழும்பியது. ரஹீமுன்னிசாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனி முற்றத்தில் டயர்களை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூறல் விட்டிருந்தது. மறுநாள் விடியற்காலை மணலுக்குப் போய்த் தேய்த்துவிடலாம் என்று கணக்கு. அப்போது தவசிமுத்து ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும்.

"இவன் சுயம்பு, நம்ம அக்கா மவன். ஊருல மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கான். நாளையிலேருந்து காகிதத்தை இவனே கொண்டு போவட்டும். வீட்டுக்கு மருமவனா வரப்போறவன், தொழிலைப் படிக்கணும்லா? நீரு குடோன்ல மூட்டை எண்ணிக்கையைப் பாத்துக்கிடும். சம்பளம் அதேதான்."

சம்பளம் அதேதான்! அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முதலாளிமார்களுக்கு ஒரு நினைப்பு. உமக்குன்னு எடுக்கிற மாதிரி எடும் என்று சொன்ன அன்றைக்கே இந்த ஏற்பாடு அவர் மனசில் இருந்திருக்கிறது. ரஷீதுக்கு வயிறு எரிந்தது. பத்து விரல் நோக டயர் பொறுக்கியது அடுத்தவன் உட்காருவதற்கு! நாளைக்குக் காலை ராயபுரத்தில் அவர் நடந்து போவார். பக்கத்தில் சேறு தெறித்துக்கொண்டு வண்டி போகும். வழியிலிருப்பவர்கள் வண்டியைத்தான் பார்ப்பார்கள்.

முதலாளி உள்ளே போனார். சுயம்பு நல்ல பையன். அதுதான் வினை. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் ரஷீது பிற்பாடு கொஞ்சம் ஆறுதல் தேடிக்கொண்டிருக்கலாம். அவன் சட்டென்று கிட்டே வந்து, "மன்னிச்சிருங்க பாய், நான் கேட்கல. மாமாதான் ஏற்பாடு பண்ணிட்டாவ" என்றான்.

"அட, உடு தம்பி. சாவியப் புடி."

ரஷீது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தாராளமாக, குறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். கிளட்ச் கொஞ்சம் கடிக்கும். தண்டையார்பேட்டையில் சோடாக் கடை எதிரே ஒரு பள்ளம், தண்ணீர் நின்றால் தெரியாது. திருவொற்றியூர் தாண்டியதும் மாட்டுவண்டித் தடத்துக்குள் சக்கரத்தை விடாதே. ராயபுரம் வளைவில் டிராம் தண்டவாளத்தை நேராகக் கட் பண்ணு. சாய்வாகப் போகாதே, தண்டவாளத்தின் மேல் பிரேக்கைத் தொடாதே. சுயம்பு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு கேட்டான்:

"வேற எதாச்சும் நான் தெரிஞ்சிக்கிடணுமா பாய்?"

டூல்ஸ் பை ரஷீதின் காலடியில் இருந்தது. பைக்குள் கோணிச் சுருள், கோணிக்குள் செங்கல். ஒரு வாக்கியம்தான். நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அவர் விழுங்கினார். விழட்டும் என்று நினைத்தாரா? சேற்றில் ஒருதரம் உருளட்டும், உடுப்பு நாசமாகட்டும், மாமன் முன்னால் அசிங்கப்பட்டு நிற்கட்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார் என்று பிற்பாடு தனக்குத் தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார்.

"வேற இன்னா கீது? அவ்ளோதான். பாத்துப் போ தம்பி."

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, மழையில், ராயபுரம் வளைவில் சுயம்பு தண்டவாளத்தை நேராகத்தான் கடந்தான். வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், ரஷீது சொன்னதில் ஓர் எழுத்து பிசகாமல். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. விழுந்ததோடு போயிருந்தால் ரஷீது நினைத்த அளவுக்கு முடிந்திருக்கும். பின்னால் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் தலைக்கயிற்றை இழுத்தான். மாடுகளும் கால் ஊன்றத்தான் பார்த்தன. பாரம் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. சக்கரம் அவன் வலது முழங்கால்மேல் ஏறி இறங்கியது.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் இனி மடங்காது என்றார்கள்.

நாலாம் நாளே தவசிமுத்து ரஷீதைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "உம்மளை இறக்கினது எம் புத்திகெட்ட வேலை. இந்த ரோட்டுல உம்மை விட்டா ஆளு கிடையாது வே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ரஷீது வாழ்க்கையில் யாரும் அவரை அப்படிப் புகழ்ந்ததில்லை. கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அத்தனையும் வந்து சேர்ந்தது, ஒன்றும் இனிக்கவில்லை. மணலுக்குப் போய் டயரைத் தேய்த்தார். வேலை திரும்பிய சந்தோஷத்தில் ரஹீமுன்னிசா நெய் விட்டுச் சேமியா கிண்டி வைத்திருந்தாள். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

"இன்னா, ஒடம்புக்கு?" என்றாள்.

"ஒன்னுமில்லே. பேஜாரா கீது" என்று எழுந்து கை கழுவினார்.

பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சுயம்பு சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசம். "எல்லாரும் டயர் சரியில்லைன்னு சொல்லப் பாத்தாவ பாய். நான்தான் சொன்னேன், அவரு பொறுக்கி எடுத்த டயரு, அதுல குத்தம் இருக்காது, எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு." ரஷீது கொண்டுபோன சாத்துக்குடிகளைத் தட்டில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நேரம் ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணப் பேச்சு நின்றது. தவசிமுத்து தம் மகளை மதுரையில் கட்டிக்கொடுத்தார். அக்கா மகனைக் கைவிட்டார் என்று ஊர் சொல்லக்கூடாதே. அவனை ஸ்டோர் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பெட்ரோல், ஸ்பேர், டயர் எல்லாம் அவன் பொறுப்பு. தினமும் மூன்று நடை கிளம்பும்போதும் திரும்பும்போதும் ரஷீது அந்த அறை வாசலைத் தாண்டியாக வேண்டும். ஒரு கால் நீட்டியபடியே இருக்கும். நாற்காலியில் ஒரு கைத்தடி சாய்ந்திருக்கும். "பாத்துப் போங்க பாய்" என்று அவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். அப்படி மூன்று வருஷம். விழுந்தவர்கள் கதையை ரஷீது யாரிடமும் சொல்லிச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பாய்க்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஐம்பத்துநாலில் டயர் மறுபடியும் மொட்டையானது. அதற்குள் பட்டணத்தில் டிராம் நின்றுபோயிருந்தது. "இந்தத் தடவையும் நீங்களே பாத்து எடுங்க பாய்" என்றான் சுயம்பு. எடுத்து வந்தார். முன்னே வளைகோடு, பின்னே கட்டம், அதே ஜோடி. மாட்டியும் முடித்தார். வானம் கருத்திருந்தது. இவன் கண்ணில் படாமல் வண்டியை எப்போது மணலுக்குத் தள்ளிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சுயம்பு கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். இன்னொரு கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தான். செங்கல் துண்டு.

ரஷீது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்தாரு பாய். பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னாரு. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்குமாம். செங்கல் வச்சுத் தேய்க்காம மழையில இறக்கினா வழுக்குமாம். அன்னைக்கு நான் அப்படியே எடுத்துட்டுப் போயிட்டேன் பாத்தீங்களா?" அவன் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான். முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. "உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது, இல்லையா பாய்?"

டூல்ஸ் பை காலடியில் இருந்தது. அன்றைக்கு இருந்த அதே இடம். மூன்று வருஷமாக ரஷீது தேடிக்கொண்டிருந்த சந்தர்ப்பம் தன் காலால் நடந்து, அதுவும் நொண்டிக்கொண்டு, அவரிடம் வந்து நின்றது. சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது.

"எனக்கு எப்டி தெரியும் தம்பி?" என்றார்.

"அதானே. தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களே" என்றான் சுயம்பு.

மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தான். குறுக்குவாக்கில் தேய்க்கணும், நீளவாக்கில் தேய்த்தால் பிரயோசனமில்லை என்று சொல்லி நாலு தடவை தேய்த்தும் காட்டினான். பிறகு கல்லை நீட்டினான். "நீங்க தேய்ங்க பாய், பாப்போம்."

ரஷீது எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லை வாங்கினார். பழகாதவர் தேய்க்கிறமாதிரி கோணல்மாணலாக, நீளவாக்கில் தேய்த்தார்.

"அப்படியில்ல பாய்" என்று சொல்லி, சுயம்பு அவர் மணிக்கட்டைப் பிடித்து, பொறுமையாகச் சரியான பக்கம் திருப்பிவிட்டான்.