பூஜ்யம் இல்லாத தபால்தலை

எங்கள் மலையூரின் தபால் ஆபீஸ் எங்கள் வீட்டின் முன்னறைதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். வேலைக்கு வருகிறவரே இடமும் காட்ட வேண்டும் என்பது விதி. சாமை மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசையும் நாற்காலியும் போட்டோம். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் எனக்குப் பிடிக்காது. அம்மா உட்கார்ந்தாலும் பிடிக்காது.

நான் வேலையில் சேர்ந்த வருடமே அப்பா ஜெயிலுக்குப் போனார். ஆந்திராவில் கட்டட வேலை என்று சொல்லி ஆள் கூட்டிப் போனவர்கள் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். செம்மரம் வெட்டிய வழக்கு. ஊரில் யாரும் ஜெயில் என்ற சொல்லைச் சொல்வதில்லை. "உங்கப்பா இன்னும் வடக்கதான் இருக்காரா?" என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்பேன். கேட்பவர்கள் வீட்டிலும் யாராவது வடக்கே இருந்துவிட்டு வந்திருப்பார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சில் பழைய தொந்தரவு உண்டு. ஒரு முறை மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத் தேறியிருந்தார். இருமல் திரும்ப வந்தால் சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி வந்தால் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள், கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று வக்கீலும் சொன்னார். ஆகவே எங்களுக்கு அங்கிருந்து தெரிய வேண்டிய சேதி ஒன்றுதான். இருமல் வந்துவிட்டதா, இல்லையா.

அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஜெயிலுக்குள் போன் உண்டு. ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. ஊருக்கு வெளியே பாறைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அவர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று யார் அங்கே போய் நிற்பது? அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவர் அறையில் எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவருக்குத் தெலுங்குதான் வரும்.

முதல் முறை மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போனபோது ஒரு ஏற்பாடு செய்தேன். அம்மா பெயருக்கு என் கையாலேயே முகவரி எழுதிய கவர்கள் கொஞ்சம், ஒட்டாத தபால்தலைகள் கொஞ்சம். காவலரிடம் காட்டிவிட்டுக் கொடுத்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னேன். என் இரண்டு பக்கமும் மற்றவர்கள் அவரவர் ஆளோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருந்தா இந்தப் பெரிய ஸ்டாம்பு ஒண்ணு ஒட்டுங்கப்பா. இருமல் வந்துட்டா, பெருசு வேணாம், இந்தச் சின்னது அஞ்சு ஒட்டுங்க. மாசம் ஒரு கவரு போடுங்க."

அப்பா தபால்தலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, ரூபாய் நோட்டில் இருக்கும் எண்கள் தெரியும்.

"இன்னா பாப்பா, ஐந்நூறுன்னு போட்டுக்குது. ஒரு காயிதத்துக்கு ஐந்நூறா?"

"ஐந்நூறு இல்லப்பா. அஞ்சு ரூபா. பின்னாடி ரெண்டு பூஜ்யம் சின்னதா இருக்குது பாருங்க, அது பைசா. அது மாதிரி அதுல நூறுன்னு இருக்கறது ஒரு ரூபா."

"ஓகோ." அவர் விரலை மடக்கி ஏதோ போட்டுப் பார்த்தார். "ஐந்நூறுன்னா ஒண்ணு. நூறுன்னா அஞ்சு. கணக்கு சரியாதான் வருது."

நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடமும் அதைச் சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "படிச்சவ சொன்னா செரி" என்றாள்.

கவர்கள் வந்தன. போளூரிலிருந்து வரும் பஸ்ஸில் பை இறங்கும். பையைப் பிரித்துக் கொட்டினால் மற்ற தபால்களுக்கு நடுவே என் கையெழுத்து கிடக்கும். உள்ளே ஒரு வெள்ளைத் தாள் மடித்து இருக்கும், வேறொன்றும் இருக்காது. வலது மூலையில் 500 என்று ஒரு தபால்தலை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்பாள்.

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

அவ்வளவுதான். அவள் சாமை புடைப்பதைத் தொடர்வாள், நான் முத்திரை குத்துவதைத் தொடர்வேன். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததாக நினைவில்லை. அந்த மாதத்து வேலை ஒன்று முடிந்தது என்பது மாதிரி இருக்கும்.

பிறகு எங்கள் ஆபீசில் இருந்த பழைய தபால்தலைகள் தீர்ந்தன. அடுத்து வந்த தாள்களில் படம் வேறு, நிறம் வேறு. விலை போட்டிருந்த விதமும் வேறு. ரூபாய்க் குறி போட்டு வெறும் 5. அதே போல வெறும் 1. பைசாவைக் காட்டும் அந்த இரண்டு சின்னப் பூஜ்யம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பைசா என்று ஒன்று யாரிடமும் இல்லாத காலத்தில் அதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? பார்த்த உடனே விலை தெரிகிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் தபால்தலை வாங்குகிறவர்கள் குறைவு. பெரியப்பா முறையாகும் ஒருவர்தான் தவறாமல் வாங்குவார். ரோடு போடச் சொல்லிக் கலெக்டருக்கு மனு அனுப்பிக்கொண்டே இருப்பார். புதுத் தபால்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா போஸ்ட் மேடம், பூஜ்யமெல்லாம் எங்க? எலி தின்னுட்ச்சா?"

"விலை அதேதான் பெரியப்பா."

"அதானே பாத்தேன். நம்ம ரோட்ட தின்ன மாதிரி இதையும் தின்னுட்டானுங்களான்னு."

"ஒட்டிக் குடுங்க, பை கட்டணும்."

"இரு, இரு. இத்தினி நாளு ஐந்நூறு ஒட்டியே கலெக்டரு பாக்கல. இப்ப அஞ்சு ஒட்டுனா எங்க பாக்கப் போறாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் லேசாகச் சிரித்தேன். அந்த வாரமே அப்பாவுக்குப் புதிய கவர்களோடு புதிய தபால்தலைகளை வைத்து அனுப்பினேன், ஐந்து ரூபாயில் சில, ஒரு ரூபாயில் ஒரு கட்டு. பெரியப்பாவின் பேச்சு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த கவர் வந்த அன்று பஸ் தாமதம். பையைக் கொட்டியதும் முதலில் தபால்தலைகளைத்தான் பார்த்தேன், என் கையெழுத்து அவற்றுக்கு அடியில் இருந்தது. மூலையில் தொடங்கி, மேல் ஓரம் முழுக்க ஓடி, இடம் போதாமல் கீழே இறங்கி, அம்மா பெயரின் பாதியை மறைத்து, பின்பக்கமும் திரும்பியிருந்தன. ஐந்து ரூபாயும் இருந்தது, ஒரு ரூபாயும் இருந்தது. நான் அனுப்பியிருந்த அத்தனையும்.

"ஒண்ணுதானே?" என்று அம்மா கேட்டாள்.

நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் முறத்தோடு வந்து நின்றாள். அவளுக்கும் எழுத்து தெரியாது, ஆனால் இதைப் படிக்க எழுத்து தேவைப்படவில்லை.

"பெருசும் இருக்குது, சின்னதும் இருக்குது" என்றேன். "நல்லா இருக்கேன்னு ஒண்ணு, முடியலன்னு ஒண்ணு. இன்னா சொல்றாருன்னு புரியல."

"இன்னா புரியல? அஞ்சு ஒட்டுனா இருமல்னு சொன்ன. இம்மா ஒட்டிக்குறாரு. ரத்தமா வந்திருக்கும்."

"அப்படி இருக்காதும்மா."

"நீதான சொல்லிக் குடுத்த? சீட்டெல்லாம் எடு."

அன்றைக்கு வந்த மற்ற தபால்களுக்கு முத்திரை குத்தி முடித்தேன். பெரியப்பா மகளைப் பொறுப்புக்கு வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸில் மலை இறங்கினோம். போளூரில் ரயில், காட்பாடியில் இறங்கி வேறு ரயில். அம்மா வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இட்லி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது வலைக்கு அந்தப் பக்கம் அப்பா நடந்துதான் வந்தார். முகத்தில் சதை கூடியிருந்தது. எங்களைப் பார்த்ததும் பயந்துபோனார்.

"இன்னா ஆச்சி? வூட்ல யாருக்கு இன்னா?"

"உங்களுக்குத்தான் இன்னா ஆச்சி?" என்றாள் அம்மா.

"எனக்கு இன்னா? நல்லாதான் கீறேன்."

"இருமல்?"

"இருமலா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் கவரை எடுத்து வலையில் வைத்துக் காட்டினேன். "அப்புறம் ஏம்பா இவ்ளோ ஒட்டினீங்க?"

அப்பா அதைப் பார்த்தார். கணக்கில் தவறு செய்த மாணவனைப் போல அல்ல, தவறான சில்லறை கொடுத்த கடைக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"நீ அனுப்புனது அஞ்சும் ஒண்ணும்தானே. போன தபா ஐந்நூறு ஒட்டுனாதான் வந்துச்சி. அஞ்ச ஒட்டுனா மலை ஏறுமா? எல்லாத்தையும் ஒட்டிப் பாத்தேன். அப்பவும் ஐந்நூறு வரல. போற வரைக்கும் போகட்டும்னு குடுத்துட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"இப்ப புதுசு மாத்திட்டாங்கப்பா. பூஜ்யம் போடறதில்ல. அஞ்சுன்னு இருந்தாலும் அது பழைய ஐந்நூறுதான்."

"அப்ப ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும்."

"ஐந்நூறு இனிமே வராதா?"

"வராது."

அவர் தலையாட்டினார். எங்கள் காலில் இருந்த புழுதியையும், அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் பையையும் பார்த்தார். வந்த வழியைக் கேட்டார். எந்த பஸ், எந்த ரயில், எங்கே தூங்கினீர்கள். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். காவலர் நேரம் முடிந்தது என்று கையசைத்தார்.

"பாப்பா" என்றார் அப்பா, திரும்பிப் போகும்போது. "இனிமே ஒண்ணுதான் ஒட்டுவேன். எது ஆனாலும் ஒண்ணுதான். நீங்க இவ்ளோ தொலவு வராதீங்க."

அம்மாவுக்கு அது கேட்டிருக்காது, அவள் பையை முடிந்துகொண்டிருந்தாள். நான் சொல்லவும் இல்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவுக்கு மறுபடி தபால்தலைகள் அனுப்பினேன். அடுத்த கவர் வந்தது. மூலையில் நேராக, கோணல் இல்லாமல், ஒரே ஒரு தபால்தலை. ரூபாய்க் குறி, 5. அது எவ்வளவு என்பதில் யாருக்கும் இனிச் சந்தேகம் வராது.

"ஒண்ணுதானே?" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுதான்."

"அப்ப செரி."

முறம் மறுபடி புடைக்கும் சத்தம் கேட்டது. நான் கவரைத் திருப்பிப் பின்பக்கத்தில் எங்கள் ஊர் முத்திரையைக் குத்தினேன். மை சரியாகப் படியவில்லை. இன்னொரு முறை குத்தினேன்.