கடல் பக்கம் சுவர் இல்லை

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் சிதம்பரம் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. என்னோடு கல்லூரியில் கணிதம் கற்பித்த நூர்ஜஹான் மேடம் காலமாகிவிட்டார் என்று லால்பேட்டையிலிருந்து அவருடைய தம்பி போனில் சொன்னார். மாலைக்குள் எங்கள் கணிதத் துறை நண்பர்களின் இரங்கல் செய்திகள் குவிந்தன. "சாந்தமானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர்" என்று எழுதியிருந்தார்கள். நண்பர்களே, இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எதிர்த்துப் பேசினார். நாம்தான் பேசவில்லை.

பல வருடங்களுக்கு முன், கடலூருக்குத் தெற்கே, கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட ஒரு நிறுவனம் திட்டமிட்டது. நிலத்தடி நீர் எப்படி மாறும் என்று கணக்கிடும் வேலை மேடத்திடமும் என்னிடமும் வந்தது. வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் நீர்மட்டத்தையும் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியாக்கி, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். வரைபடத்தின் விளிம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அதை நிறுவனமே எழுதித் தந்திருந்தது: கடல் பக்கமிருந்து நீர் உள்ளே வராது.

எண்கள் அழகாக நின்றன. நான் கையெழுத்திட்டேன். மேடம் பேனாவைத் தொடவில்லை.

"கடல் பக்கம் சுவரு யாரு சார் கட்டுனது?"

"அவுங்க குடுத்த விவரம் மேடம். நமக்கு எதுக்கு?"

"ஓரத்துல ஒரு பொய்ய வெச்சா உள்ள இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அதத்தான் சொல்லும். கணக்கு சரியாதான் வரும். அதான் சார் ஆபத்து."

அடுத்த ஒரு மாதம் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய், கரையோரக் கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் தாமே அளந்தார். அந்த அளவுகளை விளிம்பில் வைத்துக் கணக்கிட்டபோது, கடல்நீர் வயல் கிணறுகள்வரை வந்தது. வெளியே சொல்ல வேண்டாம் என்றார் துறைத்தலைவர். மேடம் தாள்களை எடுத்துக்கொண்டு பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனார். நான் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, கணக்கெல்லாம் இங்க எதுக்கு?" என்றார் அதிகாரி.

"நாளைக்கு இவுங்க குடிக்கப்போற தண்ணி இதுல இருக்கு சார். முடிச்சுட்டுத்தான் உக்காருவேன்."

அதிகாரிகள் கிணறுகளை மறுபடி அளந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. துறைத்தலைவர் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அதற்காக அவர் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

சென்ற வாரம் வேறொரு நிலத்தடி நீர் அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஒரு பக்கத்து விளிம்பை யாரும் அளக்கவே இல்லை. "எல்லாரும் போட்டுட்டாங்க சார், நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்றார் கொண்டுவந்தவர். முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். மேடம் விட்டுப்போனதில் என் பங்கு இந்த மறுப்பு. இதை இனி யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.