தேனில் நகர்ந்த கம்பி

அசட்டுத்தனத்துக்குப் பட்டம் உண்டென்றால், முனைவர் பட்டத்துக்கு முன்பே அதை வாங்கியிருப்பேன். கோவையில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், உடம்புக்குள் மருந்து சுமந்து போகும் இயந்திரம் செய்கிறார்கள். தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. செய்பவர்கள் வேறு, தொலைத்துவிட்டுத் தேடுபவன் நான். ஆனால் மலைமேல் எமரால்டு கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனால், நானே பெற்று வளர்த்தது போலப் பேசுவேன்.

அண்ணன் கேரட் லாரி ஓட்டுபவர். அவர் மூளையில் கட்டி என்று தெரிந்த பிறகு வந்த விடுமுறையில், ஒரு கண்ணாடி டம்ளரில் தேன் ஊற்றினேன். சுருட்டிய கம்பியில் பொடிக் காந்தம் ஒட்டி உள்ளே போட்டேன்.

“இத்தனை சிறிசுக்கு ரத்தமும் தேன் மாதிரிதாண்ணா. விறைப்பான வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினா, போன தூரம் அத்தனையும் திரும்பி வந்துரும். திருகாணி மாதிரி சுத்தினாத்தான் முன்னால போகும்.”

வெளியே பெரிய காந்தத்தைச் சுழற்றினேன். கம்பி சுழன்றபடி மெல்ல நகர்ந்தது.

“என் தலைக்குள்ள போகுமாடா?”

“போகும்ணா.”

“ரிவர்ஸ் கியர் இருக்கா?”

“காந்தத்தை மாத்திச் சுத்தினாப் போதும்.”

“அப்ப உன்னைவிடத் தேவலை.”

டம்ளரில் இருந்த தேன் ஓடவில்லை. ரத்தம் ஓடும். ஓட்டத்தில் விட்டபோதெல்லாம் எங்கள் இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதே தவிர, ஒருமுறைகூட எதிர்த்து நீந்தியதில்லை. அதை நான் சொல்லவில்லை. என்னை ஒருவர் வாய் பிளந்து பார்ப்பது அபூர்வம். அந்தச் சுகத்தில் விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் செய்தால் பேச்சு போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “தலையைத் திறக்க வேண்டாங்க, தம்பி ஒண்ணு செஞ்சிட்டிருக்கான்” என்று அண்ணன் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எனக்கு அது தெரிந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. கட்டி பெருத்துவிட்டது, இனி கத்தி வைக்க முடியாது என்றார்கள்.

குன்னூர் ஆஸ்பத்திரியில், வார்டுக்கு வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அந்த இயந்திரம் ஓடும் ரத்தத்தில் நீந்தாது, என்றைக்கு நீந்தும் என்று எங்களுக்கே தெரியாது என்றேன். அவர் ஸ்வெட்டர் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னைப் பார்த்ததும் ‘ரெடியாடா’ன்னுதான் கேக்கறாரு, அண்ணி. இனி காத்திருக்க வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“நீங்களே சொல்லுங்க.”