இரைப்பை தைத்த நாள்

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் பக்கத்துப் புஞ்சைக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்வேலி. வேலி என்று பெயர்தான், கோழிகள் அதை மதித்ததே இல்லை. ஆவணிக் கடைசியில் ஒருநாள் புஞ்சைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, நாளைக்குப் புழுதியில கம்பு விதைக்கேன். மயிலு தொல்லை தாங்க முடியல, விதையில வெச மருந்தக் கூட்டித்தான் கலந்திருக்கேன். கோழிய அடைச்சுப் போடுங்க."

"எம்புட்டு நாளைக்கு அண்ணாச்சி?"

"மழை பேயிற வரைக்கும். ஈரம் பட்டு விதை மண்ணுக்குள்ள அமுங்கிட்டுன்னா பயமில்ல."

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் புழுதி விதைப்பு. எங்கள் கரிசலில் வேறு வழியில்லை. மழை விழுந்தபின் அந்த மண்ணில் கால் வைத்தால் செருப்பைக்கூடத் திருப்பித் தராது. அதனால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிவிட்டுச் செய்தாரே, அதுவே பெரிது.

மழைதான் வரவில்லை. மேய்ந்து பழகிய கோழிகளை அடைத்து வைப்பது லேசான காரியமில்லை. கூட்டுக்குள் ஒன்றையொன்று கொத்தின. முட்டை நின்றுபோனது. செவலைக் கோழி அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. அதைக் குஞ்சுகளோடு பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தேன். நான் பக்கத்தில் போனால் இடுக்கு வழியே தலையை நீட்டிக் கத்தும். "என்னைய ஏன் திட்டுத? மேல பாத்து வானத்தத் திட்டு" என்பேன். வீட்டுக்காரர் காலையில் கோவில்பட்டிக்கு வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை எனக்குப் பேச்சுத்துணை அவைதான். அதில் ஒன்று போனாலும் என்னால் தாங்க முடியாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் அத்தனை பயம்.

விதைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரப்பில் ஒரு பெண்மயில் செத்துக் கிடந்தது. அந்த வழியாகப் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் அது அங்கே இல்லை. அதற்குப் பிறகு காக்காய்கூட அந்தப் புஞ்சையில் இறங்கி நான் பார்க்கவில்லை. கூட்டுக் கதவின் கொக்கிக்கு மேல் ஒரு கயிறும் கட்டினேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. தூறல் இல்லை, ஊற்றித் தள்ளியது. மறுநாள் காலையில் புஞ்சைக்காரர் சிரித்த முகத்தோடு வேலியோரம் வந்தார். "இனிம தெறந்து விடுங்க தங்கச்சி, பயமில்ல" என்றார். கயிற்றை அவிழ்த்தேன், பஞ்சாரத்தையும் தூக்கிவிட்டேன். அவை விழுந்தடித்து வெளியே ஓடியதைப் பார்க்க எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

மேட்டிலிருக்கும் அந்தப் புஞ்சையின் தண்ணீர் எங்கள் வேலி மூலையில்தான் வடியும். அடித்து வந்த மண்ணோடு விதையும் அங்கே வந்து ஒதுங்கியிருக்கிறது. அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். மத்தியானம் கருங்கோழி தள்ளாடிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தது. கழுத்து தொங்கியது. இரைப்பையைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது.

"ஏட்டி, பிளேடு எங்க இருக்கு?" என்று கேட்டபடியே அவர் கோழியைப் பிடித்துக்கொண்டார். தொண்டைக்குக் கீழே இறகைப் பிடுங்கிவிட்டு இரைப்பையைக் கீறினேன். விஷம் தின்ற கோழிக்கு எங்கள் பக்கம் இதுதான் வைத்தியம். உள்ளே மருந்து பூசிய ரோஸ் நிறக் கம்பு. வழித்துப் போட்டு, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, முதலில் பையையும் பிறகு தோலையும் துணி தைக்கிற ஊசியால் தைத்தேன். தையல் கோணல்மாணலாக விழுந்தது. முடிப்பதற்குள் சாம்பல் கோழி வந்து சாய்ந்தது, அதற்குப் பின்னால் வெள்ளை. இரண்டையும் தைத்தேன்.

கடைசியாகச் செவலையைப் பிடித்தோம். அது தெம்பாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் அதன் இரைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லட்டி. இது திங்கவேயில்ல, தப்பிச்சிட்டு."

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. நான் குஞ்சுகளைத் தேடினேன், காணவில்லை. குஞ்சு வைத்திருக்கும் கோழி கண்ணில் பட்ட இரையைத் தானே தின்றுவிடாது. கொத்தி எடுத்துக் கீழே வைத்து, குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கொடுக்கும்.

வேலி மூலைக்கு ஓடினேன். ஈர மண்ணில் குஞ்சுகள் அங்கங்கே படுத்துக் கிடந்தன. ஒன்றிரண்டுக்கு இன்னும் மூச்சு இருந்தது. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துத் தடவினேன். புளியங்கொட்டை அளவுகூட இல்லாத இரைப்பை, அதில் எங்கே கீறுவது, எங்கே தைப்பது? நூல் கோத்த ஊசியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தைத்த கோழிகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. செவலைதான் மறுநாள் முழுக்க, நான் போட்ட அரிசியைத் தின்னாமல், ஒவ்வொன்றாகக் கொத்திக் கீழே வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.