கண்ணாடி போடாத நடுவர்

ஹார்க்கர்ஸ் தீவில் எல்டன் ஃபுல்ச்சரை மிஞ்சிய வீம்புக்காரர் கிடையாது. கடல்வாத்து அருங்காட்சியகத்தில் வருடாவருடம் நடக்கும் மரவாத்துப் போட்டிக்கு அவர்தான் நடுவர். நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்காக வேட்டைக்காரர்கள் செதுக்கி மிதக்கவிடும் அந்தப் பொம்மைகளில் எது தேறும், எது தேறாது என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. ஆனால் கண்ணாடி போடச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவார்.

அன்று காலை அருங்காட்சியக வாசலில் நின்ற வேட்டைக்காரன் பொம்மைக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். பதில் வரவில்லை. "மரியாதை தெரியாத பய" என்று மனைவி நெட்டியிடம் பொருமினார்.

போட்டியை நடத்தும் டார்லீன் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "மாமா, இந்த வருஷம் தீர்ப்புல ஒரு தப்பு வந்தாலும் நடுவர் பேட்ஜ் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுக்குப் போயிடும்." தீவையே சேராத ஆளா! எல்டனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

பின்புறக் குளத்தில் போட்டி வாத்துகள் மிதந்தன. தீவே கரையில் கூடியிருந்தது. எல்டன் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அந்தக் கோடியில மிதக்குதே, அதைச் செதுக்கினவன் யாரு?"

கரையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெக்கமா இருக்கா? இருக்கணும்! உடம்பைச் செஞ்சவன் தலையை வைக்க மறந்துட்டானே! இதைப் பார்த்து எந்த வாத்துடா இறங்கும்? தள்ளுபடி!"

தள்ளுபடியான வாத்து, இறக்கைக்குள் செருகியிருந்த தலையை எடுத்து அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டபடி பறந்துபோனது. மரவாத்துகளைக் கூட்டாளிகள் என்று நம்பி வந்து தூங்கிய நிஜ வாத்து அது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

டார்லீன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணு கண்ணாடியைப் போடுங்க மாமா, இல்லன்னா பேட்ஜைக் கழட்டுங்க."

எல்டனின் கை சட்டையில் குத்தியிருந்த பேட்ஜுக்குப் போனது. அழுகையே வந்துவிட்டது அவருக்கு. நெட்டி கைப்பையைத் திறந்து, அவருக்காக வாங்கி வைத்திருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினாள். உர்ரென்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

குளத்தைப் பார்க்க வேண்டியவர் நெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்போடி இவ்ளோ நரைச்சுது?"

"நீ வீம்பு பிடிச்சுட்டுத் திரிஞ்சப்போ."

"இருந்தாலும்... அழகாத்தான் இருக்க."

"எனக்கு அப்புறமா மார்க் போடலாம்" என்றாள் நெட்டி. "முதல்ல வாத்தைப் பாரு."